ஆஷ் மரங்களுக்கு வந்த கேடு

ஆசிரியர் அவர்களுக்கு,

1992-இல் போலந்தில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டு, ஐரோப்பியக் காடுகளெங்கும் ஆஷ் என்னும் இலையுதிர் மரங்களைப் பட்டுப்போகச் செய்துவரும் பூஞ்சை, தன் தாயகமான கிழக்கு ஆசியாவில் அங்குள்ள ஆஷ் இனங்களுக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. உதிர்ந்த இலைக்காம்புகளில் கோடையில் முளைக்கும் அதன் சின்னஞ்சிறு வெண்காளான்களின் வித்துகள் காற்றிலேயே பரவுவதால், அதை எல்லையில் தடுப்பது எளிதன்று. பிரிட்டன் ஆஷ் கன்றுகளின் இறக்குமதியைத் தடைசெய்தது 2012 அக்டோபரில்தான். நோய் அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டது. (தன் மண்ணில் தானாகவே முளைத்துத் தழைக்கும் மரத்துக்கு அயல்நாட்டுக் கன்று எதற்கு என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.) சாலையோரத்தில் விழும் நிலையிலுள்ள மரங்களை வெட்டுவது தவிர்க்க முடியாதது, ஆனால் காட்டின் உட்புறத்தில் நோயைத் தாங்கி நிற்கும் சில மரங்களையும் சேர்த்து வெட்டினால், அவற்றின் விதைகளிலிருந்து எதிர்ப்பாற்றல் மிக்க கன்றுகளை வளர்த்தெடுக்கும் வாய்ப்பும் போய்விடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்