உட்கார ஓர் இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாடுகளில் தன்பாலீர்ப்பாளர்களுக்கான பார்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாகர்கோவில் வடசேரியில் பதினெட்டு வருடமாக டீக்கடை நடத்துகிறவன் நான். குடிப்பழக்கம் கிடையாது. ஆனாலும் கட்டுரையைப் படித்ததும் என் கடையின் கடைசி மேசைதான் நினைவுக்கு வந்தது.

ஞாயிறு சாயங்காலம் நாலைந்து பிள்ளைகள் அங்கே வந்து உட்காருவார்கள். மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர், குளச்சல் பக்கமிருந்து இரண்டு பேர். ஆளுக்கொரு டீ, நடுவில் ஒரு தட்டு பழம்பொரி, இரண்டு மணி நேரம் பேச்சு. அதில் ஒருவர் எப்போதும் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார். தெரிந்த முகம் எதுவும் உள்ளே வந்தால் மேசையே அமைதியாகிவிடும். அவர்கள் யார் என்று எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. புரிந்த பிறகு, எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அந்த மேசையை எழுப்பிவிடக் கூடாது என்று வேலைப் பையன்களிடம் சொல்லிவைத்தேன்.

150 ரூபாய்க்கு இரண்டு மணி நேரம் மேசையைக் கொடுத்தால் கட்டுப்படியாகுமா என்று மைத்துனன் கேட்டான். அந்த நேரத்தை மட்டும் பார்த்தால் கட்டாதுதான். ஆனால் மழையில் ஊரே வீட்டுக்குள் கிடந்த ஞாயிறுகளிலும் அவர்கள் வந்தார்கள். பிறந்தநாளுக்கு டீயும் வடையும் மொத்தமாக என்னிடம்தான் சொல்வார்கள். இப்படி நிலையாக வருகிற ஆட்களை வைத்துத்தான் சின்னக் கடை ஓடும்.

லண்டனில் இந்தக் கணக்கு வாடகையிடம் தோற்றுவிட்டது. அங்கே 2006இல் 125 ஆக இருந்த, தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் பார், கிளப் போன்ற இடங்கள் 2017இல் 53 ஆகிவிட்டன. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதும் வாடகை ஏறுவதும் முக்கியக் காரணங்கள். இப்போது போனிலேயே ஆள் கிடைத்துவிடுகிறது, பார் எதற்கு என்றும் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. என் கடைக்கு வருகிற பிள்ளைகள் கையிலும் போன் இருக்கிறது. அப்புறமும் பஸ் ஏறித்தானே வருகிறார்கள்?

நியூயார்க்கில் ஜூலியஸ் என்று ஒரு பார். 1966 ஏப்ரலில் சிலர் அங்கே போய், தாங்கள் தன்பாலீர்ப்பாளர்கள் என்று சொல்லிவிட்டே குடிக்கக் கேட்டார்கள். ஊற்றிக்கொடுப்பவர் கிளாஸைக் கையால் பொத்திக்கொண்டார். அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுத்தால் உரிமம் போய்விடும் என்ற பயம் அன்றைக்கு அங்கே இருந்தது. அப்போது எடுத்த போட்டோவைப் பார்த்திருக்கிறேன்; அந்தக் கை மனதை விட்டுப் போகவில்லை. பிற்பாடு நிலைமை மாறியது. 2022இல் அந்த பாரையே பாதுகாக்கப்பட்ட இடமாக நகரம் அறிவித்தது.

நம் ஊரில் பார் என்றால் டாஸ்மாக்கை ஒட்டிய பார்தான். பெண்பிள்ளைகள் அங்கே காலெடுத்து வைக்க முடியாது. அதனால் இங்கே ஒரு பார் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் பயமில்லாமல் உட்கார டீக்கடை, பேக்கரி போதும். இரவு தங்க ஒரு ரூம் கிடைத்தால் போதும்.

ரூம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மேசைக்கு வருகிற இரண்டு பெண்கள் போன வருடம் சூரிய உதயம் பார்க்கக் கன்னியாகுமரி போனார்கள். ஒரு லாட்ஜில், உள்ளூர் ஆதாரை வைத்துக்கொண்டு எதற்கு ரூம் என்று கேட்டு, சிரித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விடியும்வரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். "உதயத்தைப் பார்க்கவே தோணல அண்ணாச்சி" என்று அதில் ஒரு பெண் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. தன்பாலுறவைக் குற்றமாக வைத்திருந்த 377ஆம் பிரிவு விஷயத்தில், அது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2018 செப்டம்பரில். ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவருக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நம் மாவட்டத்தில் லாட்ஜும் ஹோட்டலும் நடத்துகிறவர்கள் உங்கள் இதழைப் படிக்கிறார்கள். உள்ளூர் ஆதாரோடு இரண்டு பெண்கள் வந்து நின்றால் ரூம் கொடுப்பீர்களா என்று அவர்களிடம் கேளுங்கள். கொடுப்போம் என்கிறவர்களின் பெயரை வெளியிடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டிக் கடையில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டீக்கடைக்காரர்,
வடசேரி, நாகர்கோவில்.