மாணவர் மன்ற ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொறுப்பாசிரியர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு மன்றத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. அவற்றின் நடவடிக்கைகள் கூட்டக் குறிப்பேட்டில் பதிவாகியிருப்பதால், சனவரிப் பிற்பகுதியில் மேற்கொண்ட கிராமப்புற ஆய்வுப் பயணத்தைப் பற்றியே இவ்வறிக்கையில் விரிவாகக் கூற விரும்புகிறேன். ஊருக்குப் பொதுவான நீரை யார், எந்த முறைப்படி பங்கிடுகிறார்கள் என்பதே நாம் எடுத்துக்கொண்ட கேள்வி. வடகிழக்குப் பருவமழையில் பெருகிய கண்மாய் நீர், கதிர் பிடிக்கும் வயல்களுக்குப் பாயும் காலம் என்பதாலேயே பொங்கல் கழிந்ததும் புறப்பட்டோம். கோடை விடுமுறையில் சென்றிருந்தால் வெறும் கரையைத்தான் பார்த்துத் திரும்பியிருப்போம்.

முதலில் உத்திரமேரூர் சென்றோம். வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காக எல்லோரும் அறிவர். ஏரியைக் கவனிக்கவென்றே 6 பேர் கொண்ட ஏரி வாரியம் தேர்ந்தெடுக்கப்பட்டதும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாதபடி விலக்கப்பட்டதும் நம் கேள்விக்கு நெருக்கமானவை. (நம் பொருளாளர் இப்பகுதியை மிகுந்த அக்கறையுடன் குறித்துக்கொண்டார், அவருடைய வரவு செலவு அறிக்கை அடுத்து வாசிக்கப்படும்.) வரி செலுத்தும் நிலமும் வேதக் கல்வியும் உடையோருக்கே அங்கு இடம் இருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அக்கல்வெட்டை முழுமையாகப் படித்தவர்களாவோம்.

பயணத்தின் பெரும்பகுதியைச் சிவகங்கை மாவட்டத்தின் ஒரு கண்மாய்ப் பாசனக் கிராமத்தில் கழித்தோம். அங்கு மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்பாய்ச்சியின் பொறுப்பு. விடியுமுன்பே எங்களை அழைத்துச் சென்ற முதிய நீர்பாய்ச்சி, வரப்பின் ஓரத்தில் மண்வெட்டியால் நாலைந்து கொத்து மண்ணை வெட்டிப் போட்டு ஒரு வாய்மடையை அடைத்து, எதிர்ப்புறத்து வயலுக்கு நீரைத் திருப்பினார். அடைத்த இடத்தில் கசிவு இருக்கிறதா என்று காலால் மிதித்துப் பார்த்த பிறகே அடுத்த வயலுக்கு நகர்ந்தார். வேண்டியவர்களுக்கு முன்னதாகவே தண்ணீர் விடுவதில்லையா என்று நம் மாணவி ஒருவர் கேட்டதற்கு, "முறை வந்தாத்தான் தாயி விடுவேன். எங்க அண்ணன் வயலா இருந்தாலும் அம்புட்டுத்தான்" என்றார். அறுவடையின்போது களத்திலேயே அளந்து தரும் நெல்தான் முன்பு அவருக்குக் கூலி. இப்போது நிலத்தைத் தரிசாகப் போட்டவர்கள் பங்கு தருவதில்லை. ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர்களோ கண்மாயை எதிர்பார்ப்பதுமில்லை, மராமத்துக்கு வருவதுமில்லை. கண்மாயின் உள்வாயில், அதாவது நீர் தேங்கும் பரப்பில், பாதிக்குமேல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்ததையும், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்திருந்ததையும் நம் மாணவர்கள் நடந்து பார்த்து வரைபடமாக்கினர்.

சனவரி 26 அன்று அவ்வூர்க் கிராமசபைக் கூட்டத்தில் பார்வையாளர்களாக அமர்ந்தோம். மாநிலத்தின் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் அம்மாதம் 5ஆம் தேதியுடன் முடிந்து, தனி அலுவலர்களின் பொறுப்பில் ஊராட்சிகள் விடப்பட்டிருந்த நேரம் அது. வரத்துக்காலைத் தூர்வாரும் கோரிக்கை தீர்மானமாகப் பதிவாயிற்று. ஆயினும் அதைத் தொடர்ந்து கேட்க வேண்டிய, ஊர்மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் அங்கு இல்லை. உத்திரமேரூரைப் பார்த்துவிட்டு வந்த நம் மாணவர்களுக்கு இவ்வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தின் ஊதிய நிலுவையைப் பற்றிப் பெண்கள் எழுப்பிய கேள்விகளே அக்கூட்டத்தில் அதிக நேரம் எடுத்துக்கொண்டன.

அங்கிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியாகச் சென்றோம். மேற்கே பாயும் பெரியாற்று நீரை மலையைக் குடைந்து வைகைப் படுகைக்குத் திருப்பிய, 1895இல் நிறைவுற்ற பணியின் பயனை அங்கு இருபுறமும் காண முடிந்தது. எனினும் லோயர் கேம்ப்பில் உள்ள, அப்பணியை நடத்திய பொறியாளர் பென்னிகுவிக்கின் மணிமண்டபத்தைப் பார்த்ததற்கு மேல் நேரம் கிடைக்கவில்லை.

இறுதியாகக் கேரளத்தின் குட்டநாடு. கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் இப்பகுதியில், நீரைக் கொண்டுவருவதைவிட வெளியேற்றுவதே உழவரின் கவலை. பாடசேகரம் என்னும் வயல் தொகுதியின் உழவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, 'பெட்டியும் பறையும்' எனப்படும் இறைப்பு அமைப்பால் வயல்நீரை வாய்க்காலுக்கு ஏற்றுகின்றனர். ஒருவர் மட்டும் தம் வயலை வடித்துக்கொள்ள வழியில்லை என்பதால் அங்குக் குழு இன்னும் உயிருடன் இருக்கிறது. சிவகங்கையிலோ ஆழ்குழாய்க் கிணறு அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. பயணத்தில் நாம் கண்டவற்றுள் இதையே முதன்மையானதாக நான் கருதுகிறேன்.

இத்தனை ஊர்களை ஒரே பயணத்தில் அடக்குவது தேவையற்றது என்பதும் என் கருத்து. வரும் ஆண்டில் ஒரே கிராமத்தில் தங்கி, மராமத்துப் பணியிலும் பங்குகொள்ளலாம் எனப் பரிந்துரைக்கிறேன். வரத்துக்கால் வரைபடத்தின் நகல் ஒன்று அவ்வூராருக்கு அனுப்பப்பட்டுள்ளது. திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் நமக்கு இடமளித்து உணவும் அளித்த ஊர்மக்களுக்கு மன்றத்தின் நன்றியைப் பதிவு செய்து, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்