பங்கருக்குப் பூச்சு வேண்டாம்

அந்தமானில் ஜப்பானியப் படை விட்டுப்போன பங்கர்களை, அதாவது பதுங்கிச் சுடும் அரண்களை, பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 1942 மார்ச் 23 அன்று போர்ட் பிளேரில் இறங்கிய ஜப்பானியப் படை, 1945 அக்டோபர் வரை அங்கே இருந்தது. கார்பின்ஸ் கோவ் சாலையோரத்திலும் ராஸ் தீவிலும் (இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) நிற்கும் காங்கிரீட் பங்கர்கள் அந்த மூன்றரை ஆண்டின் மிச்சம். அவற்றுக்குச் சிமெண்ட் பூசி வெள்ளையடிக்கும் யோசனை யாருக்காவது இருந்தால், தயவுசெய்து கைவிடுங்கள்.

கடலோரக் காங்கிரீட்டுக்கு எமன் உப்பு. அது ஊறிப்போய் உள்ளிருக்கும் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். மேலே புதுப்பூச்சு போட்டால் ஈரமும் உப்பும் உள்ளேயே அடைபடும். கொஞ்ச நாள் பளிச்சென்று இருந்துவிட்டு, பழைய காங்கிரீட்டையும் பெயர்த்துக்கொண்டு விழும்.

சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்றால் விட்டுவிடலாம். 'டொப்' என்றால் உள்ளே பிடிப்பு விட்டிருக்கிறது. அந்த இடத்தை மட்டும் கொத்தி, கம்பிக்குப் பின்னால் 20 மில்லிமீட்டர் வரை திறவுங்கள். துருவைத் தேய்த்தெடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த அன்றே கம்பிக்குத் துத்தநாக பிரைமர் அடியுங்கள். பிறகுதான் கலவை. அதற்குக் கடல்மணல் அள்ளினால் நோயையே மருந்தில் குழைத்த கதைதான். குறைந்தது 7 நாள் ஈரச்சாக்கு போர்த்தி வையுங்கள்.

சுவரில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்காதீர்கள், வேரோடு சுவரும் வரும். அடியில் அறுத்து, வேர் பட்டுப்போனபின் எடுக்கலாம்.

குப்பை சேருகிறதென்று, துப்பாக்கி நீட்டிச் சுடும் சுடுதுளையைச் செங்கல் வைத்து அடைப்பதும் வேண்டாம். காற்று நின்றால் உள்சுவர் வியர்க்கும், கம்பிவலை போதும். துளைக்கு முன்னால் வளர்ந்த புதரையும் வெட்டிவிடுங்கள். துளையில் கண் வைத்துப் பார்த்தால்தான் எந்தக் கரைக்குக் குறிவைத்துக் கட்டினார்கள் என்பது புரியும்.

பலகையில் 'ஜப்பானியர் பங்கர்' என்று மட்டும் எழுதினால் போதாது. 1944 ஜனவரி 14 அன்று பஞ்சாபிக் கவிஞரும் மருத்துவருமான டாக்டர் திவான் சிங் செல்லுலார் சிறையில் சித்திரவதைக்குப் பலியானதும், அதே மாதம் 30ஆம் தேதி தெற்கு அந்தமானின் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் ஒற்றர் என்ற பழியோடு சுடப்பட்டதும் அதில் வரவேண்டும். தீவில் தமிழரும் நிறைய இருக்கிறார்கள், தமிழிலும் எழுதுங்கள்.

இந்த வேலைக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் தோது. மே வந்தால் மழை பிடித்துக்கொள்ளும். ஆகவே டெண்டர் கோப்பு டிசம்பருக்குள் நகரட்டும்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பராமரிப்பு வேலை தெரிந்த சிலர்