தொழிலாளர் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை 2025

எல்லாருக்கும் வணக்கம். மே தினக் கொடியேத்தம், கண் பரிசோதனை முகாம், சுதந்திர தின விழா மூணும் வழக்கம்போல நல்லபடியா நடந்துச்சு. செயற்குழு ஒன்பது தடவை கூடுச்சு, அதுல நாலு தடவை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லாம கலைஞ்சோம்.

நவம்பர் 21ல மத்திய அரசு நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பையும் அமலுக்கு கொண்டுவந்ததும் சிறப்புக் கூட்டம் போட்டோம். 29 பழைய சட்டம் அதுக்குள்ள போயிருக்கு. நிலையான கால ஒப்பந்தத்துல இருக்கறவங்களுக்கு ஒரு வருஷத்துலயே கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உண்டுங்கறது நல்ல விஷயம், ஆனா ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வாங்கணும்ங்கற எல்லை 100 பேர்ல இருந்து 300 பேராயிடுச்சு, சின்ன ஃபேக்டரில இருக்கற நம்ம ஆளுங்களுக்கு அது நேரடி அடி. கூட்டத்துக்கு வந்தது பதினோரு பேர். பேசி என்ன ஆகப்போகுதுன்னு கேட்டவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், 2023 ஏப்ரல்ல நம்ம சட்டசபையிலயே நிறைவேறுன 12 மணி நேர வேலை மசோதா, பேசினதாலயும் எதிர்த்ததாலயும்தான் மே 1 அன்னிக்கு வாபஸ் ஆச்சு.

இப்ப, கூலிச் சட்டமும் புள்ளைங்க வேலை பத்தின சட்டமும் சொல்லித் தர நான் ஆரம்பிச்ச ஞாயித்துக்கிழமை வகுப்பு பத்தி. "இது செயலாளரோட சொந்த விளம்பரம், தொழிலாளர் சங்கத்துக்கு குழந்தைங்க சட்டம் எதுக்கு"ன்னு செயற்குழுவுல எழுத்து மூலமாவே ஆட்சேபணை வந்துச்சு, அதனால விவரமா சொல்ல வேண்டியிருக்கு. ஜூன் மாசம் ஒரு அக்கா ஆபீசுக்கு வந்தாங்க, பையனுக்கு 15 வயசு, பத்தாவதோட நின்னுட்டான், கடையில ராத்திரி பத்து மணி வரைக்கும் நிக்கறான், இது தப்பா தம்பின்னு கேட்டாங்க. எனக்கு உடனே பதில் தெரியல, அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிச்சேன். கட்டாயக் கல்விச் சட்டம் 6ல இருந்து 14 வயசு வரைக்கும்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்துல 2016ல செஞ்ச திருத்தப்படி 14 வயசுக்குக் கீழ எந்த வேலையும் கூடாது, 14ல இருந்து 18 வரைக்கும் ஆபத்தான வேலை மட்டும்தான் தடை, அந்த ஆபத்தான வேலைப் பட்டியலையும் சுரங்கம், வெடிபொருள், ஆபத்தான ரசாயன வேலைன்னு ரொம்பச் சுருக்கிட்டாங்க. அப்ப கடை வேலை தடை இல்ல. ஆனா அதே சட்டத்துல ஓய்வு நேரத்தையும் சேர்த்து ஆறு மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது, ராத்திரி 7ல இருந்து காலைல 8 வரைக்கும் வேலை வாங்கக்கூடாது, ஓவர்டைம் கூடாதுன்னு இருக்கு. இதை அந்த அக்காகிட்ட சொன்னப்ப அவங்க அழுதுட்டாங்க. அந்த ஒரு வரி தெரியாததால ஒரு பையன் எத்தனை ராத்திரி நின்னுருக்கான்.

இன்னொண்ணு, பள்ளி நேரம் போக, லீவுல, குடும்பத் தொழில்ல புள்ளைங்க உதவலாம்னு சட்டத்துல ஒரு விலக்கு இருக்கு, அந்தக் குடும்பத்துக்குள்ள அப்பா அம்மா மட்டும் இல்ல, அத்தை, மாமா, சித்தப்பா, சித்தி எல்லாருமே வந்துடறாங்க. வீட்டுக்கு பீஸ் ரேட்ல, அதாவது செஞ்ச எண்ணிக்கைக்குக் கூலின்னு, வேலை குடுக்கற இடத்துல இது எங்க போய் முடியும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். இதனாலதான் வகுப்பு ஆரம்பிச்சேன், இதனாலதான் துண்டறிக்கை அச்சடிச்சேன். தகப்பன் கூலி பத்தாததாலதான் புள்ள வேலைக்குப் போறான், கூலிச் சட்டத்தையும் புள்ளைங்க சட்டத்தையும் தனித்தனியா பேச முடியாது. 14 வாரம் நடந்துச்சு, உறுப்பினரா இல்லாத பெண்கள்தான் அதிகம் வந்தாங்க. செயற்குழுவுல இருந்து தொடர்ந்து வந்தது ரெண்டே பேர்.

கணக்கு: வரவு செலவு ஏறக்குறைய சரிசமம், கொஞ்சம் கையிருப்பு இருக்கு, விவரம் பொருளாளர் அக்கா வாசிப்பாங்க. அச்சுக்கூலில பாதி என் கையில இருந்து போட்டது, அதைத் திருப்பிக் கேக்கல. ஆனா சந்தா பாக்கி பாதிக்கும் மேல நிக்குது, மூணு வருஷமா தராதவங்க பேரும் இருக்கு, இங்க வாசிக்க வேண்டாம்னு வெச்சிருக்கேன்.

ஹால் தந்த ஐயாவுக்கும், சட்டம் விளக்க காசு வாங்காம வந்த வக்கீல் தங்கச்சிக்கும், டீ வெச்சுக் குடுத்த எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் கிக் தொழிலாளர்களுக்கு, அதாவது ஆப் மூலமா வேலை பாக்கறவங்களுக்கு, நல வாரியப் பதிவு செஞ்சு குடுக்கணும், டெலிவரி பசங்க நிறைய பேர் கேக்கறாங்க. பொறுப்புக்கு வேற யாராவது வந்தா சந்தோஷமா ஃபைலைக் குடுத்துடுவேன், ஞாயித்துக்கிழமை வகுப்பை மட்டும் நிறுத்த மாட்டோம்னு சொல்லிட்டு வாங்கிக்கோங்க. கூட்டம் முடிஞ்சதும் பொருளாளர் அக்கா ரசீது புக்கோட வாசல்லயே உக்காந்திருப்பாங்க.