அந்த வசனத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பதினோரு வயதுப் பையன் ஒருவன் லூக்கா 2ஆம் அதிகாரம் வாசித்துக்கொண்டிருந்தான். 21ஆம் வசனத்தில் "விருத்த... சேத..." என்று திக்கி, விரலை அந்த வார்த்தை மேலேயே வைத்துக்கொண்டு, "இது என்ன டீச்சர்?" என்று கேட்டான். "அது அந்தக் காலத்துல சுத்தத்துக்காகச் செய்றது, அடுத்த வசனம் வாசி" என்று பதில் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அன்றிலிருந்து மனது கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த வார்த்தை விருத்தசேதனம்: ஆண்குறியின் முன்தோலை வெட்டி நீக்கும் சடங்கு, குழந்தை இயேசுவுக்கும் நடந்தது. அது சுத்தத்துக்காக என்று, இதைத் தொடங்கிவைக்கும் பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் 17இல் எங்கேயும் இல்லை. 99 வயது ஆபிரகாமோடு கடவுள் உடன்படிக்கை செய்கிறார், அதற்கு அடையாளம் கல்லிலோ ஓலையிலோ இல்லை, அவர் உடம்பிலும் அவர் வீட்டு ஆண்கள் எல்லார் உடம்பிலும். 13 வயது இஸ்மவேலுக்கும் அன்றைக்கே நடந்தது, விலைக்கு வாங்கிய அடிமைக்கும் விலக்கில்லை. இனிப் பிறக்கும் ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள்.

யூதர்கள் இன்றும் அந்த எட்டாம் நாளை விடவில்லை. அது அவர்களுடைய சனிக்கிழமை ஓய்வுநாளில் வந்தாலும் பொதுவாகத் தள்ளிப்போடுவதில்லை. குழந்தைக்கு மஞ்சள் காமாலை மாதிரி ஏதாவது இருந்தால் மட்டும் உடம்பு தேறட்டும் என்று பொறுப்பார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரின் மடியில் குழந்தையைக் கிடத்துவார்கள், எலியா தீர்க்கதரிசிக்கென்று ஒரு நாற்காலியைக் காலியாக வைப்பார்கள், முடிந்ததும் உதட்டில் ஒரு சொட்டுத் திராட்சரசம், அப்புறம்தான் குழந்தையின் பெயரைச் சபை அறியச் சொல்வார்கள். இயேசுவுக்கு முன்பு யூதர்களை ஆண்ட கிரேக்க அரசன் அந்தியோகு இதைத் தடை செய்தபோது, பிள்ளைக்கு இதைச் செய்வித்த தாய்மார்களைக் கொன்றார்கள் என்று அந்தக் காலத்து யூத வரலாறான மக்கபேயர் நூல் சொல்கிறது. வெறும் சுத்தத்துக்காக ஒரு தாய் உயிரைக் கொடுப்பாளா?

இவர்கள் நமக்கு எங்கேயோ இருக்கும் ஜனமும் இல்லை. நம் சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டில் கிருஷ்ணன் கோவில் இருக்கும் அதே தெருவில்தான் 1878இல் கட்டிய மகைன் அபோத் ஜெப ஆலயமும் இருக்கிறது. சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் யூதர்.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். "பவுல்தான் அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே" என்பார்கள். யூதரல்லாதவர்களிடம் நற்செய்தியைக் கொண்டுபோன அந்தப் பவுலே எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்றவர். கி.பி. 50 வாக்கில் எருசலேமில் அப்போஸ்தலர்கள் கூடி முடிவு செய்தது, யூதரல்லாதவர்கள் மேல் இந்தச் சுமையை வைக்கக் கூடாது என்பதுதான்; யூதர்கள் செய்வது இழிவு என்று அங்கே யாரும் சொல்லவில்லை. தன்னோடு ஊழியம் செய்த கிரேக்கனான தீத்துவுக்குச் செய்யச் சொல்லிக் கட்டாயம் வந்தபோது பவுல் இடம் கொடுக்கவில்லை, ஆனால் தாய் யூதப் பெண் என்பதால் இன்னொரு உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்கு அவரே செய்வித்தார். கலாத்தியருக்கு எழுதும்போதும் விருத்தசேதனமும் ஒன்றுமில்லை, அது இல்லாததும் ஒன்றுமில்லை, புதிய படைப்பாவதே காரியம் என்கிறார். நாம் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு, அது இல்லாததையே பெருமையாக எண்ணிக்கொள்கிறோம், அதைத்தான் அவர் இரண்டாம் பாதியில் தடுக்கிறார். இருதயத்தின் விருத்தசேதனம், அதாவது மனதின் பிடிவாதத்தை விட்டுக் கடவுளுக்குக் கீழ்ப்படிவது என்பதும் அவர் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை, பழைய ஏற்பாட்டில் உபாகமத்திலும் எரேமியாவிலும் ஏற்கெனவே இருக்கிறது. உடம்பில் செய்யும் விருத்தசேதனத்தையும் எத்தியோப்பிய, எகிப்தியக் கிறிஸ்தவர்கள் இன்றும் வழக்கமாகச் செய்கிறார்கள்.

பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சம் என்கிறார்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம் நண்பனுக்குச் சுன்னத் நடந்தது எங்கள் வகுப்புப் பையன்களுக்குத் தெரியும், கூப்பிட்டால் போய் பிரியாணியும் சாப்பிட்டு வருகிறார்கள். ஆபிரகாமுக்கும் இயேசுவுக்கும் நடந்தது மட்டும்தான் தெரியவில்லை. இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

வருஷா வருஷம் டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குப் புதுத் துணி போட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாக வருகிறோம். மறுநாள் ஜனவரி 1ஐ இயேசு விருத்தசேதனம் பெற்று, இயேசு என்ற பெயரும் பெற்ற நாளாகப் பல சபைகள் நூற்றாண்டுகளாக அனுசரித்து வந்திருக்கின்றன என்று பிள்ளைகளுக்கு ஒருவராவது சொல்லியிருப்போமா? டீச்சரிடம் பேசி, வரும் ஞாயிறு பத்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பையனை டிசம்பர் 25ஐ முதல் நாளாக வைத்து, விரல் விட்டு எட்டு வரைக்கும் எண்ணச் சொல்லப் போகிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்