மாப்ள, அந்த டோர்மேன் படத்தை மட்டும் பாத்துரு

டேய் மாப்ள,

ஊமைப்படம்னா சாப்ளின் போதும், மத்ததெல்லாம் மியூசியத்துல வைக்கிற சாமான்னு சொன்னேல்ல, அதுக்குத்தான் இந்த லெட்டர். ஜெர்மன்காரன் எடுத்ததுல ஒண்ணே ஒண்ணு பாரு, டைரக்டர் முர்னாவோட 'த லாஸ்ட் லாஃப்', 1924. கதைன்னு பாத்தா ரெண்டு வரிதான். பெரிய ஹோட்டல் வாசல்ல ஜம்முனு யூனிஃபார்ம்ல நிக்கிற டோர்மேன், வயசாயிருச்சுன்னு கோட்டைக் கழட்டிட்டு பாத்ரூம்ல டவல் எடுத்துக் குடுக்குற வேலைக்கு அனுப்பிடுறாங்க.

அந்தக் கோட்டுதான்டா படமே. அவர் குடியிருக்கிற காம்பவுண்டுல எல்லாரும் சலாம் போடுறது கோட்டுக்குத்தான், ஆளுக்கு இல்ல. அதனால பெருசு என்ன பண்ணுது, ராத்திரியோட ராத்திரியா அதைத் திருடிட்டு வந்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்டுக்குது. அங்க குடிச்சிட்டுத் தள்ளாடுறப்ப நமக்கும் தலை சுத்தும், ஏன்னா கேமராமேன் கார்ல் ஃப்ராய்ண்ட் கேமராவ நெஞ்சுல கட்டிக்கிட்டு குடிகாரன் மாதிரியே ஆடி ஆடி எடுத்திருக்கார். ஆரம்பத்துல லிஃப்ட்ல இறங்கி லாபியத் தாண்டி சுழல் கதவு வரைக்கும் போற ஷாட்டுக்கு சைக்கிள்ல வச்சு ஓட்டிருக்காங்க, கேமரா ஆடாம புடிக்கிற கிம்பலாவது ட்ரோனாவது!

டோர்மேனா நடிச்ச எமில் ஜன்னிங்ஸோட முதுக மட்டும் கவனி. கோட்டு இருக்கிற வரைக்கும் நெஞ்ச நிமித்திட்டு தளபதி கணக்கா நிப்பார், கழட்டினதும் அப்படியே கூனிப் போயிரும். அப்ப அவருக்கு 40 வயசுதான்டா! (பின்னாடி இதே ஆளு நாஜிகளுக்காகப் படம் நடிச்சார், அது வேற வயித்தெரிச்சல்.)

வசனம் எழுதின அட்டையே காட்ட மாட்டாங்க, கதை முடியப் போற நேரத்துல மட்டும் ஒண்ணு வரும், நிஜத்துல இந்தக் கிழவனுக்கு இனிமே சாவுதான், ஆனா எழுதினவருக்குப் பாவமா இருந்துச்சுங்கிற மாதிரி. உடனே எவனோ ஒரு கோடீஸ்வரன் சொத்து பெருசுக்கு வந்துரும். நிறைய பேருக்கு இந்த க்ளைமாக்ஸ் புடிக்காது, எனக்கென்னவோ 'ஹாப்பி எண்டிங்தான வேணும், இந்தா வச்சுக்கோ'ன்னு நம்ம மூஞ்சிலயே விட்டெறியிற மாதிரி இருக்கு, செம நக்கல்.

தேடுறப்ப, ஆளுங்க எறும்பு மாதிரி விறுவிறுன்னு ஓடுற காப்பி கிடைச்சா தொடாத, ஸ்பீடு தப்பா ஏத்தினது. ரெஸ்டோர் பண்ணினதா பாத்து எடு, மியூசிக் இல்லாம பாக்காத. நோஸ்ஃபெராட்டு, மெட்ரோபோலிஸ்னு மத்த ஜெர்மன் ஊமைப்படமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். க்ளைமாக்ஸ் பத்தி நீ என்ன நினைக்கிறேன்னு மட்டும் எழுது, திட்டுறதா இருந்தாலும் சரி.