சீட்டு வீண், பிள்ளை பாவம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படித்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த வாசகர் கடிதங்களைப் படித்தேன். மருத்துவம் படித்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவள் இன்னொருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய சீட்டை வீணாக்கிவிட்டாள் என்கிறார் ஒருவர். பிள்ளையை ஆயாவிடம் தள்ளிவிட்டுச் சம்பளத்துக்கு ஓடுகிறவர்களால்தான் குடும்பங்கள் சீரழிகின்றன என்கிறார் மற்றவர். இருவரையும் இரண்டு பக்கம் உட்காரவைத்தால் பொங்கல் பட்டிமன்றம் தயார். நடுவர் கடைசியில் என்ன சொல்வார் என்பதும் தெரியும்: வீட்டையும் வேலையையும் சேர்த்துச் சமாளிப்பவளே சிறந்த பெண்! கைதட்டல்.

சீட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அரசுக் கல்லூரியில் மக்கள் பணத்தில் படித்து, வெளிநாட்டில் போய்த் தங்கிவிடும் ஆண் டாக்டரைப் பற்றி ஊரில் பெருமையாகத்தான் பேசுகிறார்கள். பொறியியல் முடித்துவிட்டு சினிமா எடுக்கப் போன பையன்களைத் தைரியசாலிகள் என்கிறோம். பெண் வீட்டில் இருக்கும்போது மட்டும்தான் நமக்கு அரசாங்கத்தின் செலவுக் கணக்கு ஞாபகம் வருகிறது.

அடுத்தது, வேலைக்குப் போகிறவளும் வீட்டில் இருக்கிறவளும் ஏதோ இரண்டு கட்சிக்காரர்கள் மாதிரிப் பேசுவது. நான் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். எண்பதுகளில் என் மகள் பிறந்தபோது மகப்பேறு விடுப்பு மூன்று மாதம். (தமிழக அரசு ஊழியர்களுக்கு அது 2011-இல் ஆறு மாதமாகி, 2016-இல் ஒன்பதாகி, 2021-இல்தான் ஒரு வருடம் ஆனது.) விடுப்பு முடிந்த அன்று என் அம்மா ஊரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினார். பால் புட்டி கழுவியது, அம்மை போட்டபோது வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தது, பள்ளிக்கூட வாசலில் நின்றது எல்லாம் அவர்தான். இன்று எனக்கு மாதாமாதம் பென்ஷன் வருகிறது. அம்மாவுக்கு அப்படி ஒரு ரூபாய் வந்ததில்லை. அவருக்கு முழங்கால் வலி மட்டும் பத்து வருடம் முன்னதாக வந்திருந்தால் நான் ராஜினாமா எழுதிக் கொடுத்திருப்பேன். உங்கள் முதல் வாசகர் என்னையும் 'வீண்' பட்டியலில் சேர்த்திருப்பார். என் உறுதி, லட்சியம் என்றெல்லாம் பணிநிறைவு விழாவில் பேசினார்கள். அம்மாவின் முழங்காலைப் பற்றி யாரும் பேசவில்லை.

வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணின் வீட்டிலும் இப்படி ஒரு அம்மாவோ மாமியாரோ பாத்திரம் துலக்க வரும் அக்காவோ இருப்பார். அந்த அக்காவின் கைக்குழந்தை இப்போது யாரிடம் இருக்கிறது? அவர் வேலைக்கு வருவது சரியா தவறா என்று யாரும் பட்டிமன்றம் வைத்ததில்லை. வால்பாறையில் கொழுந்து பறிக்கும் தாய்மாரைப் பற்றியும் வைத்ததில்லை. அவர்கள் வேலைக்கு வந்தே ஆக வேண்டும் என்பதால்தான் 1951-ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே குழந்தைகள் காப்பகத்துக்கு இடம் வைத்தார்கள். ஆலைகளுக்கான சட்டத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வைக்க வேண்டும் என்றிருந்தது. முப்பதோடு நிறுத்திக்கொண்டால் முதலாளிக்குச் செலவு மிச்சம்! 2017-இல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தியபோதுதான் ஆண், பெண் எல்லோரையும் சேர்த்து ஐம்பது பேர் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்று வந்தது. நம் ஊர் ஜவுளிக்கடைகளிலும் தனியார் பள்ளிகளிலும் ஆசிரியர் அவர்கள் ஒருமுறை போய்த் தேடிப் பார்க்கலாம்.

வீட்டில் இருப்பவள் 'சும்மா' இருக்கிறாள் என்ற பேச்சுக்கு நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்ப, மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட ஒரு வழக்கில், அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது என்பதே அதன் சாரம். அதே வருடம் செப்டம்பரில் தொடங்கிய ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு அரசும் உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத்தொகை என்றது. தொகை சிறிது, பெயராவது சரி.

இந்தக் கடிதங்கள் எதிலும் அப்பா வரவில்லை. 2024-ஆம் வருட மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். அந்த 88-ம் வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களின் சராசரிதான். மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்குக் குழந்தை பிறந்தால் 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவன ஊழியருக்கு அதுவும் சட்டப்படி கிடையாது. அதைக் கேட்டு எந்த ஆண் வாசகரும் உங்களுக்கு எழுதி நான் பார்த்ததில்லை.

பெண்கள் வேலைக்குப் போவதால் குடும்பம் சீரழிகிறது என்று எழுதிய அந்த வாசகர், தன் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் எத்தனை நாள் அலுவலகத்துக்கு லீவு போட்டார் என்று அடுத்த இதழில் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோவில்பட்டி